அத்தை வேண்டாம், ஜன்னல் வேண்டும்

மேல் டிவிசன்,
19-8-1962, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் தனபாக்கியத்துக்கு அம்மா எழுதுவது.

அன்றைக்கு அந்த மாடி அறையில் நான் சொல்லாமல் விட்ட வாக்கியம் இது: "ஜோசப்பின் சொல்வதுதான் உண்மை, இந்த அம்மா எங்கள் யாருக்கும் உறவில்லை." எண்ணிப் பார்த்தால் எட்டே சொல். இதை முதலில் இறக்கி வைத்தால்தான் மற்றது எழுத வரும் போலிருக்கிறது, அதனால்தான் உன் சுகத்தைக் கேட்பதற்கு முன்பே எழுதிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, ஆஸ்பத்திரி வேலையும் படிப்பும் உடம்பை வாட்டாதபடி இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கு வைக்கும்போது நினைத்துக்கொள்கிறேன். இங்கே அப்பாவும் தங்கச்சி வடிவும் நானும் உயிரோடும் முழு உடம்போடும் இருக்கிறோம். கடிதத்துக்குக் கடிதம் எழுதுகிற வார்த்தைதான் இது, ஆனால் இந்தத் தடவை வழக்கத்துக்காக எழுதவில்லை. போன கடிதத்தில் தங்கச்சி லீவில் வந்திருக்கிறாள் என்று எழுதியிருந்தேன் அல்லவா, அது பொய். அவளை நாங்கள் தூக்கிக்கொண்டு வந்தோம். அவள் தங்கியிருந்த போர்டிங் வீட்டில் ஜூலை பதின்மூன்றாம் தேதி தீப்பிடித்தது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, இருமல் மட்டும் கொஞ்சம் இருக்கிறது. அவளோடு தங்கியிருந்த ஜோசப்பினுக்கு ஒரு கால் போய்விட்டது.

நீ யாழ்ப்பாணம் போன பிறகுதான் வடிவை டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம், ஆகவே அந்த வீட்டை நீ பார்த்ததில்லை. கடைத்தெருவில் முத்துலிங்கத்தின் ஹாட்வெயார் கடை இருக்கிறதே, பெயிண்டும் கயிறும் மண்ணெண்ணெயும் விற்கிற கடை, அதன் மேல்மாடிதான். கட்டடம் முத்துலிங்கத்துடையது, அவர் பட்டின சபை மெம்பரும்கூட. மாடியை வாடகைக்கு எடுத்துப் போர்டிங் நடத்துகிறவர் அம்மாக்கண்ணு என்ற விதவை அம்மா. ஒரே நீள அறை, பதினொரு பெண்பிள்ளைகள், எல்லாரும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். ஏறவும் இறங்கவும் கடையின் பக்கவாட்டில் ஒரே ஒரு மரப்படி. மூன்று ஜன்னலில் இரண்டுக்குக் கம்பி, மூன்றாவது சாரல் அடிக்கிறதென்று பலகை வைத்து ஆணி அறைந்தது. படியின் தலைப்பில் ஒரு கதவு, சாயங்காலம் ஆறு மணிக்கு அதற்கு வெளியே பூட்டு. அந்தப் பூட்டைப் போடச் சொன்னது யார் என்று நினைக்கிறாய்? முத்துலிங்கம் இல்லை, அம்மாக்கண்ணுவும் இல்லை, நாங்கள்தான். பெற்றவர்கள். வடிவைக் கொண்டு விட்ட அன்று ராக்காயி தன் மகளை விட வந்தவள், "வயசுப் புள்ளைங்க, டவுனு வேற, பூட்டியே வைங்கம்மா, சாவி ஒங்க இடுப்புல இருக்கட்டும், அப்பதான் எங்களுக்குத் தூக்கம் வரும்" என்றாள். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். நாலு புத்தகம் படித்தவள், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவள், ஒரு வீட்டில் கதவு எதற்கு இருக்கிறது என்று யோசிக்காமல் தலையாட்டினேன். யார்மீது கோபப்படத் தொடங்கினாலும் கடைசியில் அந்தத் தலையாட்டலுக்கு வந்து நிற்கிறேன், அதனால் அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

மே மாதக் கடைசியில் வடிவு ஒரு சனி ஞாயிறு வந்திருந்தாள். உடுப்பெல்லாம் புகை நாற்றம். கேட்டேன். மழையில் யூனிபோம் காய்வதில்லையாம், அறைக்குள் கரிச்சட்டி வைத்து, அதன்மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, கூடைமேல் வெள்ளைச் சட்டைகளைப் போட்டுக் காய வைக்கிறார்களாம். கதவைத் திறந்தா வச்சிருப்பீங்க என்றேன். "இல்லம்மா, ஆறு மணிக்கு மேல பூட்டிருவாங்கள்ல" என்றாள், எனக்கு ஏதோ தெரியாததைச் சொல்லித் தருகிறவள் மாதிரி. கீழே மண்ணெண்ணெய்ப் பீப்பாய், மேலே நெருப்புச் சட்டி, நடுவில் பலகைத் தரை, வெளியே பூட்டு. அப்பாவிடம் சொன்னேன். "டவுன்ல எல்லா வீடும் அப்படித்தான் நாகு, நீ ஒண்ணையும் கிளப்பாத, நாளைக்குப் புள்ளைய வச்சுக்க மாட்டேன்னுட்டா ஒம்பது மைல் நடக்க வைப்பியா" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் அடுத்த சனிக்கிழமை டவுன் வாசிகசாலைக்குப் போனேன். என்னைப் பற்றி உனக்குத் தெரியும், ஆள் கூடுகிற இடத்தில் வாய் திறக்காதவள், புத்தகத்தை இரவல் வாங்கிக்கொண்டு ஓரமாக வந்துவிடுகிறவள். அன்றைக்கு மட்டும் பழைய கெசட் கட்டுகளை எடுத்துத் தரச் சொல்லி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் இருந்தேன். கிடைத்தது. பட்டின சபை இரண்டு வருஷத்துக்கு முன்பே விதி போட்டு வைத்திருக்கிறது. உறவினரல்லாத நாலு பேருக்கு மேல் வைத்துச் சோறு போட்டுத் தங்க வைக்கிற எந்த வீட்டுக்கும் லைசன் வேண்டும், இரண்டு படி வேண்டும், ஜன்னல் திறக்க வேண்டும், ஆள் இருக்கும்போது வெளியே பூட்டக்கூடாது, அறைக்குள் நெருப்பு வைக்கக்கூடாது. எல்லாம் அச்சில் இருக்கிறது, மகளே. ஒரு வீட்டிலும் இல்லை. விதி போட்ட சபையில் முத்துலிங்கமும் கையைத் தூக்கியிருப்பார்.

அதைக் கொப்பித்தாளில் எழுதிக்கொண்டு வந்து, ஒரு மனு எழுதி, அஞ்சு பெற்றோரிடம் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கிச் சபைக்கு ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். ஜூன் பதினாறு சனிக்கிழமை சுகாதார இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று பதில் வந்தது. உண்மையைச் சொன்னால், எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இன்ஸ்பெக்டர் சிங்களவர், நல்ல மனிதர் மாதிரித்தான் இருந்தார், தமிழ் அவ்வளவாக வராது. மொழிபெயர்க்கச் சபையின் பியோன் செல்லசாமி கூட வந்திருந்தான். பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்தார்கள். விதியில் உறவினரல்லாத என்று இருக்கிறதல்லவா, அதனால் முதலில் அதைத்தான் கேட்க வேண்டுமாம். செல்லசாமி ஒவ்வொரு பிள்ளையாக, "இந்த அம்மா ஒனக்கு என்ன வேணும்?" என்று கேட்டான். முதல் பிள்ளை அத்தை என்றது. அடுத்தது பெரியம்மா. அடுத்தது அத்தை. அடுத்தது சின்னம்மா. யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை பாக்கியம், அதுதான் கொடுமை. நம்மில் யார் ஒரு பெரிய மனுஷியைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறோம்? சோறு போடுகிறவளை அத்தை என்றுதானே பிள்ளைகள் கூப்பிடும்? கூப்பிட்டதையே சொன்னார்கள். வடிவும் அத்தை என்றாள். இன்ஸ்பெக்டர் அத்தைக்குச் சிங்களத்தில் "நெந்தா, நெந்தா" என்று எழுதிக்கொண்டே வந்தவர், நிமிர்ந்து சிரித்து, அம்மாக்கண்ணுவைக் காட்டி, "இந்த நோனாவுக்கு எத்தனை அண்ணன்மார்!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

கடைசியில் ஜோசப்பின். றொசல்லப் பக்கத்துத் தோட்டத்தில் லொறி ஓட்டுகிற டக்ளஸின் மகள், பதின்மூன்று வயது, வடிவின் வகுப்புதான், வடிவுக்குப் பக்கத்துப் பாய். ஒல்லிப் பிள்ளை, வாய் மட்டும் பெரிசு. அவளிடமும் செல்லசாமி, "இந்த அம்மா ஒனக்கு என்ன வேணும்?" என்றான். அவள் ஆணி அறைந்த பலகையைக் கையால் காட்டி, "எனக்கு அத்தை வேணாங்க, ஜன்னல்தான் வேணும்" என்றாள். அறையே இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. செல்லசாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், நானும் சிரித்தேன். இன்ஸ்பெக்டருக்கு மட்டும் ஏன் சிரிக்கிறோம் என்று தெரியவில்லை, அந்தப் பகிடியைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வது என்று செல்லசாமிக்கும் தெரியவில்லை. "சும்மா வெளையாட்டுக்குச் சொல்லுது மாத்தயா" என்று முடித்துவிட்டான். ஜோசப்பின் சிரிக்கவில்லை. "வெளையாட்டு இல்லீங்க, இவங்க போர்டிங் அம்மா, எங்களுக்குச் சொந்தமில்ல" என்றாள். அப்போதுதான் இன்ஸ்பெக்டர் பேனாவை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். மனு எழுதின டீச்சர் நீங்கள்தானே, நீங்கள் சொல்லுங்கள், இந்த நோனா உங்களுக்கு யார் என்று கேட்டார். நான் வாய் திறக்கும் முன் அம்மாக்கண்ணு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "சொல்லுங்க மதினி" என்றார். மார்ச்சில் வடிவுக்கு விஷக் காய்ச்சல் வந்தபோது எங்களுக்கு ஆள் அனுப்பக்கூட வழியில்லாமல் பாலம் உடைந்து கிடந்ததே, அந்தப் பத்து நாளும் அவளைக் கழுவித் துடைத்துக் கஞ்சி கொடுத்த கை அது. பதினொரு பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கின்றன, வடிவு பார்த்துக்கொண்டிருக்கிறாள், ஒரு அந்நிய மனிதர் முன்னால் அந்தக் கையை உதறிவிட்டு, நீ எனக்கு யாருமில்லை என்று எப்படிச் சொல்வது? பூட்டைப் பற்றித்தான் மனுவில் எழுதியிருக்கிறேனே, உறவைப் பற்றிக் கேட்டால் மரியாதைக்கு ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று நினைத்தேன். "மதினிதாங்க" என்றேன். அவர் எழுதினார். அந்த ஒரு சொல்லோடு அந்த வீடு சட்டத்துக்கு வெளியே போய்விட்டது என்று எனக்கு அப்போது தெரியாது. பூட்டையும் பார்க்கவில்லை, பலகையையும் பார்க்கவில்லை. உறவினர் வீட்டில் பார்க்க அவருக்கு அதிகாரம் இல்லையாம், படியிறங்கிப் போய்விட்டார். ஜோசப்பின் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் சரியான விடை எழுதியும் பிழை போடப்பட்ட பிள்ளை பார்க்குமே, அப்படி.

ஜூலை பதின்மூன்று வெள்ளிக்கிழமை. அம்மாக்கண்ணு ஆறு மணிக்குப் பூட்டிவிட்டு, சாவியோடு கோயிலுக்குப் போயிருக்கிறார். கூடைமேல் கிடந்த சட்டை ஒன்று நழுவிக் கரியில் விழுந்திருக்கிறது. பாய், பிறகு தலையணை. புகை கண்ணை மறைத்த பிறகு பிள்ளைகள் கதவை இடித்திருக்கிறார்கள், மழைச் சத்தத்தில் கீழே ஒருவருக்கும் கேட்கவில்லை, கடையும் அடைத்தாகிவிட்டது. ஜோசப்பின்தான் அந்தப் பலகையைக் காலால் உதைத்து உதைத்து ஒன்றைப் பெயர்த்தாள் என்று வடிவு சொல்கிறாள். அவள் ஒருத்தி நுழைகிற அளவு. கூப்பிட்டிருக்கிறாள், குடையோடு போகிறவர்கள் நிமிரவில்லை. குதித்துவிட்டாள். கீழே கல் கட்டின சாக்கடைக் கான். அங்கே கிடந்து அவள் போட்ட சத்தத்தில்தான் எதிர் பேக்கரிக்காரர், சிங்கள மனிதர், அடுப்பு கிளறுகிற இரும்புக் கம்பியோடு ஓடிவந்து படியேறிப் பூட்டை உடைத்திருக்கிறார். பத்துப் பிள்ளைகளும் நடந்து இறங்கினார்கள். மண்ணெண்ணெய்க்கு நெருப்பு இறங்கவில்லை. கானில் எலும்பு வெளியே தெரியக் கிடந்த பிள்ளையை டக்ளஸே தன் லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். ஆறாம் நாள் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நீ தாதியாகப் போகிறவள், மற்றதை நான் எழுத வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். அவளுடைய அம்மா பெற்றீசியா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்க வடிவு நல்லாருக்காளா டீச்சர்?" என்று கேட்டாள். எனக்கு அடி விழுந்திருந்தால் பரவாயில்லை. திரும்பி வரும் வழியில் முத்துலிங்கத்தின் கடைக்குப் போனேன். தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார், எழுந்திருக்கவில்லை. பின்படி வைத்துத் தாருங்கள், பலகையை எடுங்கள், இல்லாவிட்டால் மறுபடி மனு எழுதுவேன் என்றேன். "எழுதுங்க டீச்சரம்மா, கையெழுத்து அழகா இருக்கு. மனு எழுத வாய் இருக்கு, வோட்டுப் போட வெரல் இல்லையே. இந்த டவுன்ல ஒங்க பேரு எந்த வோட்டர் இடாப்புல இருக்கு, காட்டுங்க, நாளைக்கே படி வைக்கிறேன்" என்றார். கடையில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். அவரும் நம்மைப் போலத் தமிழர்தான், அவருடைய அப்பாவும் நம் தாத்தா வந்த கப்பலில் வந்தவர்தான், கடை வைத்ததால் பத்திரம் கிடைத்தது, பிரஜையாகிவிட்டார். நாங்கள் தேயிலைக் கொழுந்தில் நின்றதால் பதினான்கு வருஷமாகப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டுக்கொண்டிருக்கிறோம். ஓட்டில்லாதவர்களின் பிள்ளைகள் எரிந்தால் எந்த மெம்பருக்கு என்ன நஷ்டம்? எனக்குக் கத்த வரவில்லை. கோபம் வந்தால் எனக்குக் குரல் இறங்கிவிடும், உனக்குத் தெரியும். மறுபடி மனு எழுதினேன். இந்தத் தடவை டக்ளஸும் பேக்கரிக்காரரும் கையெழுத்துப் போட்டார்கள். பேக்கரிக்காரருக்கு ஓட்டு உண்டு. போன செவ்வாய்க்கிழமை, பதினான்காம் தேதி, சபையில் விசாரணை வைத்தார்கள்.

மேசைக்குப் பின்னால் சேர்மனும் மெம்பர்களும், முத்துலிங்கமும் அங்கேயே. பக்கத்தில் இன்ஸ்பெக்டர், செல்லசாமி. சுவரோரமாக நாங்கள், பிள்ளைகள், ஒரு மூலையில் அம்மாக்கண்ணு. முத்துலிங்கம் எழுந்து, அந்தப் பழைய ரிப்போட்டை எடுத்து மேசையில் தட்டினார். "பாருங்க, எல்லாம் சொந்தக்காரப் புள்ளைங்க. இந்த டீச்சரம்மாவே மதினின்னு சொல்லிருக்காங்க. நாத்தனார் வீட்ல புள்ள தங்கறதுக்கு லைசன் எதுக்கு? குடும்பத்துக்குள்ள நடந்த விபத்து, சபைக்கு இதுல என்ன வேலை?" என்றார். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. என் பொய்யைத்தான் அவர் வாசித்தார். சேர்மன் என்னைப் பார்த்தார். எழுந்து நின்றேன். அன்றைக்குச் சொன்னது பிழை என்றேன். "அப்ப அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?" என்று முத்துலிங்கம் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் நான் என்னை இழந்தேன் என்று நினைக்கிறேன், ஏனென்றால் யோசித்து எடுத்துப் போன வார்த்தைகள் எல்லாம் போய், வீட்டுக்கு வெளியே ஒருநாளும் பேசாததைப் பேசினேன். என் மகள் போன தையில் பெரியவளானாள் என்றேன். எங்கள் வழக்கத்தில் தலைக்கு முதல் தண்ணீர் அத்தை ஊற்ற வேண்டும், பச்சை ஓலை கட்டினதும் முதல் சேலை அத்தை கொண்டுவர வேண்டும், இந்த அம்மா என் மகளுக்கு அத்தை என்றால் அன்றைக்கு எங்கே இருந்தார் என்று கேளுங்கள் என்றேன். அதோடு, ஜோசப்பின் வேதக்காரப் பிள்ளை, திருநீறு பூசுகிற இந்த அம்மா அவளுக்கு எந்த வழியில் அத்தை என்று மெம்பரிடம் கேளுங்கள் என்றேன். செல்லசாமி தலையைக் குனிந்துகொண்டே மொழிபெயர்த்தான். தேவையே இல்லை, பாதியிலேயே சேர்மனுக்கு விளங்கிவிட்டது, அவர்கள் வீட்டிலும் பெண்பிள்ளைக்கு அந்தச் சடங்கு உண்டு. அத்தனை ஆண்கள் முன்னால் தன்னைப் பற்றிப் பேசினதும் வடிவு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்கு அவள் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாமலே இருக்கட்டும், இருக்கிறாள் அல்லவா.

அப்போதுதான் அம்மாக்கண்ணு எழுந்தார். சேர்மனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "அன்னைக்கு எங்க இருந்தேன்னா கேக்குறீங்க டீச்சர்? மாடியிலதான் இருந்தேன். சேதி தெரியும். எனக்குச் சொல்லி அனுப்புனீங்களா? அனுப்பியிருந்தாலும் தாலி அறுத்தவ கையால தண்ணி ஊத்த விட்ருப்பீங்களா?" என்றார். பிறகு அவர் சுவரோரம் நின்ற எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "அத்தைங்கிறீங்க, மதினிங்கிறீங்க. இந்த ஆறு வருசத்துல ஒருத்தியாவது ஒரு பொங்கலுக்கு, ஒரு கருமாதிக்கு என்னையக் கூப்ட்டுருக்கீங்களாடி?" என்றார். சேர்மன் பக்கம் திரும்பி, தெளிவாக, சிங்களத்திலேயே சொன்னார், இவர்கள் யாரும் எனக்கு உறவில்லை, நான் போர்டிங் நடத்துகிறேன், படி வைத்துத் தாருங்கள் என்று முத்துலிங்கம் முதலாளியிடம் மூன்று தடவை கேட்டேன், புள்ளைங்கள சொந்தக்காரங்கன்னு சொல்லிக்க, படி வேண்டாம் என்றார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். முத்துலிங்கம், "ஒனக்குப் புத்தி பெரண்டு போச்சா, ஏறுறதுக்கு எடம் குடுத்தவன் நான்" என்று எழுந்தார். "எறங்குறதுக்குக் குடுக்கலியே" என்றார் அம்மாக்கண்ணு. நான் எட்டுச் சொல்லில் சொல்லியிருக்க வேண்டியதை அவர் சொன்னார். எனக்கு அதில் நிம்மதி வரவில்லை, வெட்கம்தான் வந்தது.

சபை தீர்ப்புச் சொல்லிவிட்டது. விதி அந்த வீட்டுக்குச் செல்லும். பின்பக்கமாக இரண்டாவது படி, மூன்று ஜன்னலும் திறக்க வேண்டும், தாழ்ப்பாள் உள்ளே மட்டும், உடுப்புக் காயவைக்கக் கீழே ஒரு கொட்டகை, மண்ணெண்ணெய்ப் பீப்பாய் வேறிடம். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் செய்யாவிட்டால் வீட்டை மூட வேண்டும். டவுனில் இதுபோல் இருக்கிற மற்ற ஐந்து வீட்டையும் எழுதி எடுக்கிறார்களாம். சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். ஆனால் இனிமேல் உறவினர் என்று சொல்கிறவர்கள் பிறப்புச் சான்றிதழ் காட்டி நிரூபிக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். எங்களில் பாதிப் பேருக்கு இந்த நாட்டில் பிறந்தோம் என்பதற்கே சான்றிதழ் இல்லை, நாளைக்கு நிஜமான அத்தை வீட்டில் இருக்கிற பிள்ளையையும் எழுப்பி வெளியே விடுவார்கள். நோட்டீஸைச் சிங்களத்தில் மட்டும் அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள். உள்ளே தாழ்ப்பாள் இருக்க வேண்டும் என்று எழுதியிருப்பது உள்ளே படுக்கிற ஒரு பிள்ளைக்கும் வாசிக்கத் தெரியாது. நான் தமிழில் எழுதிக் கொண்டு போய்ப் பக்கத்தில் ஒட்டினேன், கிழித்தார்கள், மறுபடி ஒட்டினேன். எத்தனை தடவை கிழிக்கிறார்கள் பார்ப்போம், எனக்குக் கொப்பித்தாளுக்குப் பஞ்சமில்லை.

அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சடங்கு விஷயத்தைச் சபையில் பேசினது அவருக்குப் பொறுக்கவில்லை. மூன்றாம் நாள் தேயிலை ஸ்டோரில் வேலை முடிந்து வந்து, தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "டக்ளசு இன்னைக்கு என் கையப் புடிச்சு ஒம் பொண்டாட்டி நல்லாப் பேசுச்சுன்னான்" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் அவரிடம் எதிர்பார்க்கக்கூடாது. அம்மாக்கண்ணுவை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. மூன்று தடவை படி கேட்டவர், நாலாம் தடவை எங்களிடம் வந்து சொல்லியிருக்கலாம். சாவியைக் கதவுப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அவர் கேட்டதும் நியாயம்தான். ஒரு சொல்லை மரியாதைக்காகக் கொடுக்கிறோம், அதோடு கடமை எதையும் கொடுப்பதில்லை, பிறகு அந்தச் சொல்லைச் சட்டம் எடுத்துக்கொண்டு போகும்போது திகைத்து நிற்கிறோம்.

நீ தங்கியிருக்கிற வீட்டைப் பற்றி ஒருநாளும் நான் கேட்டதில்லை. சாப்பாடு எப்படி, தண்ணீர் எப்படி, அங்குள்ளவர்கள் உன் தோட்டத்துப் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறார்களா என்றெல்லாம் கேட்டேன், கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். உன் அறைக்கு எத்தனை வழி, ஜன்னலில் கம்பி உண்டா, வெளியே யாராவது பூட்டுகிறார்களா, சாவி யார் கையில். பூட்டுகிறார்கள் என்றால், உன்னை எவ்வளவு பாசமாகப் பார்த்துக்கொண்டாலும் அந்த வீட்டில் ஒரு இரவுகூடத் தங்காதே. அவரை மாமி என்று கூப்பிடு, காலில் விழுந்து கும்பிடு, ஆனால் யாராவது அதிகாரி வந்து இவர் உனக்கு யார் என்று கேட்டால் வீட்டுக்காரம்மா என்று சொல். மரியாதை குறைந்துவிடாது. குறைந்தால் குறையட்டும். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள், ஈரத் தலையோடு படுக்காதே, ஜோசப்பினுக்குக் கட்டைக்கால் எங்கே செய்து தருவார்கள் என்று உங்கள் பெரிய டாக்டரிடம் விசாரித்து எழுது, இதை மறந்துவிடாதே. மறுபதிலில் முதல் வரியாகக் கதவைப் பற்றி எழுது, சுகத்தைப் பிறகு எழுதலாம்.

எந்த வீட்டில் இருந்தாலும் நீ நினைத்தபோது நீயே திறந்து வெளியே வரக்கூடியவளாக இருக்க வேண்டும், எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் அதுதான்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா,
நா. க. நாகலெட்சுமி

பி.கு. 10-9-1962. எழுதி மூன்று வாரம் பெட்டியில் வைத்திருந்தேன், உனக்கு அனுப்பலாமா என்று. பின்படி வைத்தாகிவிட்டது, ஆசாரி மூக்கன் ஒன்பது நாளில் செய்து முடித்தான். இன்றைக்குப் பள்ளிக்கூடம் திறந்தது, வடிவு போயிருக்கிறாள், போகும்போது வருகிறேன் என்று சொன்னாள். பலகை இருந்த இடத்தில் ஜன்னல் வைத்திருக்கிறார்கள், நானே திறந்து மூடிப் பார்த்தேன். ஜோசப்பின் திரும்பிப் போகவில்லை. தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் உட்கார்ந்து, கொழுந்துக்குப் போகிறவர்களின் பிள்ளைகளுக்குத் தொட்டில் ஆட்டுகிறாள்.